சாவியக்காவின் கண்ணாடி

பெண்கள் நீச்சல் குளத்தில் அவளுக்குப் பெயர் சாவியக்கா. உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததும் ஒரு மேசை, அதற்குப் பின்னால் ஆணி அடித்த பலகை, பலகை நிறைய அலமாரிச் சாவிகள். ஒவ்வொரு சாவியும் ஒரு ரப்பர் வளையத்தில் கோத்திருக்கும். வளையத்தில் எண் பொறித்த சின்ன பிளாஸ்டிக் வில்லை. வருகிறவர்களுக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும், போகும்போது திரும்ப வாங்கிப் பலகையில் மாட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் சண்டைக்குப் பஞ்சமில்லை.

சாவியக்காவுக்கு வாய் அதிகம். சொட்டச் சொட்ட ஈரத்தோடு மேசையில் சாய்பவள், பிள்ளையின் உள்ளாடையை அலமாரியிலேயே விட்டுப் போய் வீட்டிலிருந்து போன் செய்பவள், வளையத்தைக் கையில் மாட்டிக்கொண்டே பஸ் ஏறிவிடுபவள் என்று யாரையும் விட்டுவைக்க மாட்டாள். திட்டு வாங்கியவர்கள் மறுநாளும் அவளிடம்தான் வந்து நின்றார்கள். அவள் ஒரு சாவியைக்கூட மாற்றிக் கொடுத்தவள் இல்லை.

பிறகு மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

பலகையில் தொங்கும் சாவிகளால் தொல்லையில்லை. இடம் பழக்கம், கை தானாகப் போய்விடும். திரும்பி வருபவைதான் வினை. வகுப்பு முடிந்ததும் கூட்டமாக வந்து கூடையில் வீசிவிட்டுப் போவார்கள். அந்தக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணைப் பார்த்து மாட்ட வேண்டும். சாவியக்கா வில்லையை முகத்துக்கு நேரே பிடித்தால் வில்லை மறைந்துவிடும். சுற்றியிருப்பதெல்லாம் தெரியும்: மேசை விளிம்பு, ஈரத் தரை, எதிர்ச் சுவரை அடைத்து நிற்கும் நிலைக்கண்ணாடி. எதைப் பார்க்க நினைக்கிறாளோ அது மட்டும் ஒரு பழுப்புக் கறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மனிதர்களுக்கும் அதே கதிதான். தோள் இருக்கும், கை இருக்கும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. நடையையும் குரலையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்து, தெரிந்த மாதிரியே பேசிச் சமாளித்தாள்.

விழித்திரையின் நடுவில் தேய்மானம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஓரப் பார்வை நிற்கும், நடுப் பார்வை போய்க்கொண்டே இருக்கும், எந்தக் கண்ணாடி போட்டாலும் திரும்பாது. இது அவள் கணவருக்கும் தங்கைக்கும் மட்டும் தெரியும்.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். விஷயத்தை அவர் ஒரே வரியில் முடித்தார்.

"கண்ணு தெரியலன்னா வேலைய விட்டுட்டு வீட்ல இரேன்."

"வீட்ல இருந்து என்ன பண்றது? உங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கவா? அதுவும்தான் தெரியலையே."

தங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனைப் பெண். ஒருநாள் தடித்த கறுப்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடியோடு வந்தாள். பார்த்தால் சாதாரணக் கண்ணாடிதான். காதோரக் கம்பியைத் தொட்டால், எதிரே இருப்பதைப் படம் எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று காதுக்குள் படித்துச் சொல்லும்.

"இது பார்வையக் கூட்டாதுக்கா. உனக்குப் பதிலா பாத்துச் சொல்லும், அவ்வளவுதான்."

அதிலும் ஒரு வில்லங்கம். அந்தக் கண்ணாடி சாவியக்காவின் பழைய போனோடு ஒட்டமாட்டேன் என்றது. அதற்கென்று உசத்தியான போன் ஒன்று வேண்டும். ஆக, அதையும் வாங்கியாயிற்று. உள்ளங்கையில் அடங்காத பலகை போல ஒரு போன், முதுகில் அடுப்பு பர்னர் மாதிரி மூன்று கேமரா. தங்கை அதைத் தயார் செய்ய உட்கார்ந்தாள். போன் பக்கம் பக்கமாக எதையோ கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்னடி கேக்குது இவ்வளவு நேரமா?"

"ஒண்ணுமில்லக்கா. எல்லாத்துக்கும் சரின்னு சொல்லணும். அப்பத்தான் உள்ள விடும்."

தங்கை எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

அன்றைக்குச் சாவியக்கா முதலில் பார்த்தது சோபாவில் இருந்த கணவரை. கம்பியைத் தொட்டாள். செய்தி வாசிப்பது போன்ற ஒரு பெண் குரல், "வயதான ஆண் ஒருவர் அமர்ந்திருக்கிறார். கோபமாக இருப்பது போல் தெரிகிறது" என்றது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன சொன்னது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவருக்குக் கோபம் நிஜமாகவே வந்துவிட்டது.

"வயதானவனா? யாரு வயதானவன்? அதக் கழட்டி வெச்சுட்டு எங்கிட்டப் பேசு. யாரோ மூணாவது ஆளு வீட்டுக்குள்ள உக்காந்து பாத்துட்டிருக்கற மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு அவள் கண்ணாடியோடு அறைக்குள் வந்தால் அவர் சட்டை மாற்ற அடுத்த அறைக்குப் போனார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர்.

குளத்தில் நிலைமை திருந்தியது. கூடையில் கை விடுவாள், வில்லையைப் பிடிப்பாள், கம்பியைத் தொடுவாள். "முப்பத்தியேழு." மாட்டுவாள். "பன்னிரண்டு." மாட்டுவாள். அதற்காக அந்தக் கண்ணாடி ஒழுங்காக நடந்துகொண்டது என்று சொல்ல முடியாது. ஈரக் காற்றில் அதற்கு ஆவி பிடித்துவிடும், துடைக்க வேண்டும். மதியத்துக்குள் சார்ஜ் இறங்கி, சரியாகக் கூட்டம் வரும் நேரத்தில் ஊமையாகிவிடும். சிக்னல் சுவரோரம் கிடைக்காது, நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். சில சமயம் எண்ணைச் சொல்லாமல், "ஈரமான ரப்பர் வளையம்" என்று அளக்கும். "அது எனக்குத் தெரியாதா, சனியனே" என்று முணுமுணுப்பாள்.

படம் எடுத்துத்தான் அது படிக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தொடும்போதெல்லாம் சட்டத்தின் மூலையில் கடுகளவு வெள்ளை விளக்கு மின்னி அணையும் என்பதும் தெரியும். ஆனால் நான் சாவியைத்தானே பார்க்கிறேன் என்ற நினைப்பு. தவிர, கண்ணாடியைப் பற்றிச் சொன்னால் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். யாராவது கேட்டால், "தங்கச்சி கடையில எடுத்தது. நல்லாருக்கா?" என்பாள்.

சுவரில் போன் உபயோகிக்கக் கூடாது என்று ஒரு அறிவிப்பு பழுப்பேறிக் கிடந்தது. அதை யாரும் சட்டை செய்ததில்லை. நிலைக்கண்ணாடி முன்னால் எந்நேரமும் யாராவது ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்துத் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருப்பாள். கோச்சின் போன் எல்லாவற்றையும்விடப் பெரியது. தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாத போன். பிள்ளைகள் கை வீசுவதை அதில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, தப்பைத் திருத்துவாள்.

கோச் என்றால் நீச்சல் சொல்லித்தருகிற பெண். சாவியக்காவைவிட இளையவள். மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேசையில்தான். ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை போகும். கணவரைப் பற்றி ஒருத்தி, மாமியாரைப் பற்றி இன்னொருத்தி என்று புலம்பிக்கொள்ள ஆள் இருந்தது. ஆனால் கண் விஷயத்தை மட்டும் சாவியக்கா அவளிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, வகுப்புக்குப் போகும்முன் கோச் தன் போனைச் சாவியக்காவின் மேசையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் கூடை நிறைந்தது. சாவியக்கா ஒரு வில்லையைத் தூக்கிப் பிடித்துக் கம்பியைத் தொட்டாள். அதே நொடியில் மேசைமேல் இருந்த கோச்சின் போன் ஒரு மெசேஜோடு ஒளிர்ந்தது. குரல் சொன்னது:

"இருபத்தி நான்கு. மேனேஜர். நீங்க சொன்னது சரிதான் கோச். அந்தம்மாவுக்குக் கண்ணு சுத்தமாப் போச்சு. இந்த மாசத்தோட அனுப்பிடலாம். உங்க அண்ணிய வந்து என்னப் பாக்கச் சொல்லுங்க."

சாவியக்கா வில்லையைக் கீழே வைத்தாள். ஒருவேளை தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று இன்னொரு முறை கம்பியைத் தொட்டாள். போன் திரை அதற்குள் இருண்டுவிட்டிருந்தது. "கறுப்பு நிறக் கைபேசி" என்றது குரல்.

அந்தக் கைபேசியை அப்படியே தூக்கிக் குளத்தில் போடலாமா என்று தோன்றியது. போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் எரிச்சல்.

மதியம் கோச் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து டப்பாவைத் திறந்தாள். உள்ளே பெரியவர்கள் வகுப்பு முடிந்து பத்துப் பதினைந்து பெண்கள் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, சாப்பிடலையா?"

"உங்க அண்ணி எப்ப வர்றாங்க?"

"எந்த அண்ணி? எங்க?"

"இந்த நாற்காலிக்குத்தான். ஒருவாட்டி வந்து உக்காந்து பாத்துட்டுப் போகச் சொல்லு. அவங்க ஒடம்புக்குச் சரியா இருக்கணுமில்ல."

கோச்சின் கை டப்பாவிலேயே நின்றது. "யாருக்கா சொன்னது உங்களுக்கு?"

"கூட உக்காந்து தின்னுட்டே குழி பறிச்சிருக்க. யாரு சொன்னா என்ன?"

"குழியெல்லாம் பறிக்கல. அன்னைக்கு ஒரு குட்டிப் பொண்ணு உங்க மேசையத் தாண்டி, தனியா, ஆழமான பக்கம் போச்சே, பாத்தீங்களா? நான் ஓடிப்போயித் தூக்கினேன். நீங்க அது போன திசையத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. நான் மேனேஜர்கிட்டச் சொல்லாம என்ன பண்றது?"

சாவியக்காவுக்கு அந்தக் குழந்தையைப் பற்றி இப்போதுதான் தெரிந்தது. ஆனால் கோபம் பின்வாங்கவில்லை.

"சொன்ன, சரி. எங்கிட்டச் சொன்னியா? அந்தக் கையோட அண்ணிக்கு வேலையும் கேட்டியே, அது எந்தக் குழந்தையக் காப்பாத்தறதுக்கு?"

"அண்ணிக்குக் கேட்டது தப்புதான். விடுங்க." கோச் சட்டென்று நிமிர்ந்தாள். "இருங்க. இதெல்லாம் மெசேஜ்லதான் பேசினோம். என் போனப் படிச்சீங்களா?"

"நான் எதையும் படிக்கல."

"உங்களுக்குத்தான் வில்லையில இருக்கற நம்பரே தெரியாதே. மெசேஜ் மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

கோச்சின் பார்வை சாவியக்காவின் கண்ணாடியில் போய் நின்றது. அடிக்கடி மூலையில் மின்னும் அந்த வெளிச்சத்தை அவளும் பார்த்திருக்கிறாள். ஏதோ அலங்காரக் கல் என்று நினைத்திருந்தாள். நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.

"இதுல கேமரா இருக்கு. அய்யோ, இந்தம்மா கண்ணாடியில கேமரா இருக்கு! எல்லாரும் துணியச் சுத்திக்கங்க!"

ஈரச் சுவர்கள் அந்தக் குரலை இரண்டு மடங்காக்கிக் கொடுத்தன. சோப்பு ஒன்று விழுந்து சறுக்கியது. யாரோ வீல் என்றாள். தடுப்புத் திரைகள் சர்சர்ரென்று இழுபட்டன. எல்லோருக்கும் முன்னால் வந்தவள் பேங்க்காரம்மா. உயரமானவள், அதிகம் பேசாதவள், எப்போதும் திரைக்குள் போய்த்தான் உடை மாற்றுவாள். துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாவியக்காவின் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கினாள். கம்பி காதோரம் கீறியது.

"எவ்வளவு நாளாப் போட்டுட்டிருக்க இத?"

அதுவரை அவள் சாவியக்காவை நீங்க என்றுதான் சொல்லிவந்தாள்.

"குடும்மா. அது எனக்குப் படிக்கறதுக்கு. எனக்குக் கண்ணு தெரியல."

இத்தனை நாள் மூடி வைத்தது இப்படி வெளியே வந்து விழுந்தது. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இங்க என் பொண்ணு துணி மாத்துது, தெரியுமா உனக்கு?" "போலீசக் கூப்பிடுங்க." "வீடியோ எடுத்து எங்க அனுப்பின?" சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்து கதவுக்கு வெளியே நின்றார். "என்ன ஆச்சு? நான் உள்ள வரலாமா?" என்றார். "வராதீங்க!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். விசாரணை முடியும்வரை அவர் கதவோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.

வழக்கமாக வரும் வக்கீலம்மா நீச்சல் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கூட்டத்தை விலக்கி வந்தாள். "கத்தாதீங்க எல்லாரும். சாவியக்கா, உங்க போனக் குடுங்க. அதுலதானே எல்லாம் விழும்? தெறந்து காட்டுங்க."

சாவியக்கா போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதற்கு அவளைத் தெரிந்தது, திறந்துகொண்டது. வக்கீலம்மா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நூற்றுக்கணக்கில் படங்கள். சாவி, வில்லை, மறுபடியும் வில்லை. மாத்திரை அட்டை. லிஃப்ட் பொத்தான்கள். பஸ்ஸின் நெற்றிப் பலகை. யாரோ ஒரு ஆள் கோபமாக சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்.

"எல்லாம் சாவியாத்தான் இருக்கு" என்றாள் வக்கீலம்மா. சிலர் மூச்சு விட்டார்கள். சாவியக்காவின் தலை நிமிர்ந்தது. என்ன சொல்லித் திட்டுவது என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது வக்கீலம்மாவின் விரல் நின்றது.

அந்தப் படத்திலும் நடுவில் சாவிதான். ஆனால் அந்தக் கண்ணாடியின் லென்ஸ் அகலமானது. சாவியக்கா கேட்டதைவிட அதிகமாகவே அள்ளிக்கொள்ளும். வில்லைக்குப் பின்னால், பாதி திறந்த திரைக்குள், ஒரு பெண்ணின் வெற்று முதுகு. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் இறங்கும் ஒரு பழைய அறுவைத் தழும்பு, தடித்து, பக்கவாட்டில் தையல் புள்ளிகளோடு.

பேங்க்காரம்மா எட்டிப் பார்த்தாள். உள்ளங்கையால் போன் திரையை அப்படியே மூடினாள். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் அதற்குள் பார்த்துவிட்டார்கள். அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும்.

"என்ன அது?" என்றாள் சாவியக்கா. "என்ன இருக்கு அதுல? யாராவது சொல்லுங்களேன்."

ஒருவரும் சொல்லவில்லை. படத்தை எடுத்தவளுக்கு மட்டும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

"சத்தியமா நான் சாவியத்தான் பாத்தேன்" என்றாள்.

"நீ எதப் பாத்தியோ, எனக்கு அதப் பத்தி அக்கறையில்ல" என்றாள் பேங்க்காரம்மா. "வக்கீலம்மா, இது இந்தப் போன்ல மட்டும்தான் இருக்கா?"

அது யாருக்கும் தெரியவில்லை. வக்கீலம்மா தங்கையின் எண்ணுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். தங்கை முதலில் மழுப்பினாள். பிறகு, "கம்பெனிக்குப் போகும்னு ஏதோ போட்டிருந்துச்சு. கருவிய இன்னும் நல்லாக்கறதுக்குன்னு. எல்லாரும் சரின்னுதானங்க அமுக்குவாங்க? அமுக்கலன்னா அது வேலையே செய்யாது" என்றாள்.

"அப்ப அந்தப் படம் இந்த நிமிஷம் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அப்படித்தானே?" என்றாள் பேங்க்காரம்மா.

பேங்க்காரம்மா தன் கையாலேயே அந்தப் படத்தை அழித்தாள். பிறகு அழித்தவை போய்ச் சேரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கேயும் அழித்தாள். அது போதாமல், மிச்சமிருந்த அத்தனை சாவிகளையும் அழிக்கச் சொல்லி வக்கீலம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைச் சாவியக்காவின் மேசையில் வைத்தாள்.

சாவியக்கா அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"என்னோடத அழிச்சாச்சு. உங்களோடது? தினம் இந்த நிலைக்கண்ணாடி முன்னால நின்னு எடுக்கறீங்களே, பின்னால துண்டோட நடந்து போறவங்க எத்தன பேரு உங்க போன்ல இருக்காங்க? என்னைக்காவது தேடிப் பாத்து அழிச்சிருக்கீங்களா? கோச், உன் போன்ல எத்தன புள்ளைங்க இருக்கு?"

"அவங்க வீட்ல கேட்டுட்டுத்தான் எடுக்கறேன்" என்றாள் கோச்.

"நாங்க தூக்கிப் பிடிச்சாத் தெரியுமில்ல?" என்றாள் தலையில் துண்டு கட்டிய ஒருத்தி. "தெரிஞ்சா ஒதுங்கிப் போயிடலாம். உன்னோடது மூஞ்சியிலயே இருக்கு. உன்கிட்டேருந்து எப்படி ஒதுங்கறது? நீ பேசறப்பெல்லாம் உன் கண்ணத்தானே பாத்துப் பேசினோம்."

சாவியக்கா அப்போதும் விடவில்லை. "சரி. நான் இதப் போடல. அதே மாதிரி ஒருத்தரும் போனோட இங்க வரக் கூடாது. ஒருத்தருக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?"

உடனே ஆளுக்கொரு காரணம் முளைத்தது. ஒருத்திக்கு வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமனார், எந்நேரமும் அழைப்பு வரலாம். ஒருத்திக்கு ஆபீஸ். ஒருத்தி சர்க்கரை அளவையே போனில்தான் பார்க்கிறாள். "அதே மாதிரிதான் எனக்கும் இது" என்றாள் சாவியக்கா. வக்கீலம்மா மட்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "அவங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. எனக்கு அது பிடிக்கல, ஆனா இருக்கு" என்றாள்.

மறுநாள் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கணவரும் வந்தார், கூப்பிடாமலே. மேனேஜர் மேசையிலிருந்த பேனாவை உருட்டிக்கொண்டே பேசினார். அனுப்பிவிடத்தான் நினைத்திருந்தார் போல. ஆனால் கண் தெரியாத ஒரு பெண்ணை, படிக்க உதவும் கருவி வைத்திருந்ததற்காக அனுப்பினால் அது வேறு விதமாக வெடிக்கும் என்று வக்கீலம்மா காலையிலேயே போனில் சொல்லியிருந்தாள். அந்தப் படத்துக்காகப் பேங்க்காரம்மா வழக்குப் போட்டாலும் வெடிக்கும் என்பதையும் சொல்லாமல் விடவில்லை. மேனேஜருக்கு இரண்டு பக்கமும் இடி.

"உள்ள உங்கள வெச்சுக்க முடியாதுக்கா. வெளிய, வாசல்ல ஒரு கவுன்டர் போடறோம். வர்றவங்க போன வாங்கி வெச்சுட்டு டோக்கன் குடுங்க. அங்க நீங்க கண்ணாடி போட்டுக்கலாம். ஆனா கதவத் தாண்டி அது ஒரு அடிகூட வரக் கூடாது. உள்ள..." அவர் நிறுத்தினார்.

"உள்ள கோச்சோட அண்ணி" என்றாள் சாவியக்கா.

மேனேஜர் பேனாவை உருட்டுவதை நிறுத்தினார்.

"வேண்டாம்னு சொல்லிட்டு எந்திரி" என்றார் கணவர். "இவங்க போடற பிச்சை நமக்கு எதுக்கு?"

"நீங்க சும்மா இருங்க. எந்திரிச்சா எங்க போறது? வீட்லயும்தான் என்னக் கண்டா அடுத்த ரூமுக்கு ஓடறீங்க."

அவர் முகம் எப்படிப் போயிற்று என்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கம்பியைத் தொடவும் இல்லை.

போனை வாசலில் கொடுத்துவிட்டு வரும் சட்டம் குளத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. சிலர் வருவதையே நிறுத்தினார்கள். மாமனார் படுக்கையில் இருந்தவள், ஏதாவது ஆனால் சாவியக்காதான் பொறுப்பு என்று தினமும் சொல்லிவிட்டே போனைக் கொடுத்தாள். எல்லா எரிச்சலும் அந்தக் கவுன்டரில்தான் வந்து விழுந்தது. சாவியக்காவும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தாள். கோச் அந்தப் பக்கம் போகும்போது நடையை மாற்றிப் போட்டாள், தன்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. அந்த மாற்றிப் போட்ட நடையையும் சாவியக்கா இரண்டே நாளில் தெரிந்துகொண்டாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மதியத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கோச்சும் அண்ணியும் சிரிப்பது கேட்கும். சாவியக்கா டப்பாவை மூடிவிட்டுப் பாதியிலேயே எழுந்துவிடுவாள்.

தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, போன் கேட்ட கேள்விகளையெல்லாம் மறுபடி தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து, வேண்டாம் வேண்டாம் என்று மாற்றினாள். மாற்றிய பிறகு கண்ணாடி சில வேலைகளைச் செய்ய மறுத்தது. பேசுவதும் மெதுவாகிவிட்டது. ஏற்கெனவே போனவை போனவைதான், அவற்றைத் திரும்ப வாங்க அந்தப் பக்கங்களில் எங்கேயும் வழி இல்லை.

பேங்க்காரம்மா வெகு நாள் வரவில்லை. இனி வரமாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒரு காலையில் கவுன்டருக்கு முன்னால் ஒரு உயரமான உருவம் வந்து நின்றது. வழக்கம்போல் முகம் மட்டும் தெரியவில்லை. ஆனால் நின்ற விதத்திலேயே சாவியக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"கழட்டுங்க" என்றது குரல்.

சாவியக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தாள். பேங்க்காரம்மா போனை நீட்டவில்லை. கவுன்டர் மேல் வைத்தாள். சாவியக்கா டோக்கனைத் தடவி எடுத்தாள். எண் தெரியவில்லை. எடுத்த டோக்கனுக்கு ஜோடியாகக் கவுன்டர் அலமாரியின் எந்த அறையில் போனை வைப்பது என்று விரலால் துழாவிக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை சேர்ந்தது. யாரோ சலித்துக்கொண்டாள். பேங்க்காரம்மா உதவவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்தப் படத்துல என்ன இருந்துச்சுன்னு யாராவது உங்ககிட்டச் சொன்னாங்களா?"

"இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

"அன்னைக்குக் கேட்டேன். யாரும் சொல்லல. அப்புறம் கேக்கல."

"இனிமேலும் கேக்காதீங்க."

அவள் டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று சாவியக்கா பல நாளாக ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அடுத்து நின்றவள், "சீக்கிரம்க்கா, வகுப்பு ஆரம்பிச்சுடும்" என்றாள்.

"அவ்வளவு அவசரம்னா முன்னாடியே வர்றது?" என்று சாவியக்கா அவள்மேல் பாய்ந்தாள். மேசையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.